உடுவிற் பெண்கள் கலாசாலையின் வரலாறு

பெண்பாலார்க்குக் கல்வி வேண்டுமா என்னும் வழக்கு நம் பாட்டனார் காலத்தோடு ஒழிந்தது. இன்று நம் சங்கக் கூட்டங்களில் எழுவது பிறிதொரு வினா. நம் பெண்மக்களைத் தெரிந்தெடுத்துச் சேர்த்து, விடுதியில் வைத்துக் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலையொன்று திண்டுக்கல்லில் வேண்டுமா என்பதே அது. வேண்டுமென்பாரும் வேண்டாவென்பாரும் யாழ்ப்பாணத்து உடுவிலின் வரலாற்றை அறிந்து வாதிடுதல் நலம். உடுவில் நமக்குத் தொடர்பற்ற ஊரன்று. 1834-இல் மதுரைக்கு வந்து, மறு ஆண்டில் திண்டுக்கல்லில் நிலையங் கண்ட அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்ததேயாம்.

அம்மிஷனார் யாழ்ப்பாணத்தில் 1816-இல் ஊன்றினர். 1823-இல் ஆடவர்க்கு வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. மறு ஆண்டே, 1824-இல், ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்கட்கு உண்டுறை பாடசாலையைத் தொடங்கினார். நம் பண்டிதர் யாவரும் அறிந்த வின்ஸ்லோ அகராதியை, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862-இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவியார் இவர். கணவர் பெயர் அகராதியால் நிலைத்தது. 1833-இல் தம் முப்பத்தாறாம் வயதில் யாழ்ப்பாணத்திலேயே மறைந்த அம்மையாரை நம் நாட்டிற் கேட்டறிந்தார் சிலரே. (பிற்காலத்தில் அமெரிக்க இராஜ்ய காரியதரிசியாயிருந்த ஜான் பாஸ்டர் டல்லஸ் இவருடைய கொள்ளுப்பேரர்.)

தொடக்கத்தில் மாணவியரைப் பெறுதல் எளிதாயில்லை. எழுத்தறிந்த பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்பது ஊரார் எண்ணம். மிஷனார் வளவில் உண்பது ஆசாரக்கேடு என்பது அதனினும் பெரிய தடை. ஆதலின் உணவும் உடையும் மிஷனாரே அளித்தனர். படிப்பு முற்றிக் கிறிஸ்தவனை மணப்பவளுக்குச் சீதனமும் கொடுத்தனர். பெண்ணைப் படிக்க அனுப்பினாற் சீதனச் சுமை குறையும் என்று கணக்கிட்ட தந்தையரும் இருந்திருப்பர். அவரை இகழ்தல் நமக்கு அழகன்று. நம் இல்லங்களிலும் அக்கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வுதவிக்கு விலையொன்று இருந்தது. பொருளனுப்பிய அமெரிக்கர் விரும்பிய பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டனர். தாய் தந்தையர் வைத்த தமிழ்ப்பெயர் வீட்டோடு நின்றது. பாடசாலையின் நோக்கமும் கல்வி மட்டுமன்று. வட்டுக்கோட்டையிற் படித்து மதம் மாறிய இளைஞர்க்குக் கிறிஸ்தவ மனைவியரை ஆக்குவதும் அதன் கருத்து. இதனை அவர்கள் மறைத்ததில்லை.

எனினும் காலம் மாற்றியது பெரிது. செமினரியிற் கற்ற இளைஞர் கற்ற பெண்ணையே மணக்க விரும்பினர். ஆகவே, வருந்தி அழைத்தும் வாராத பெற்றோர் தாமே பெண்களை அழைத்துவந்து நின்றனர். அதன்பின்னரே யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்று தெரிந்தெடுக்கும் நிலை உடுவிலுக்கு வாய்த்தது. ஒரு பாடசாலையின் வாயிலைக் குறுகச் செய்வது அதன் ஆசிரியர் புகழ் மட்டுமன்று, திருமணச் சந்தையுமாம் என்பதை இங்கே காண்கிறோம்.

நியூயார்க்கில் 1807-இற் பிறந்த எலைசா அக்னியூ அம்மையார் 1840-இல் வந்து, 1879 வரை அங்கே தலைமை தாங்கினார். விவாகம் செய்துகொள்ளவில்லை, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவுமில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றனர். தாயும் மகளும் பேர்த்தியுமாக மூன்று தலைமுறையார் அவர் முன் அமர்ந்ததுண்டு. ஆயிரம் புதல்வியரின் தாய் என்று அவரை வழங்கினர். 1883-இல் மானிப்பாயிற் காலமானார். தலைமுறை மாறியும் தாம் மாறாது ஓரிடத்தில் இருந்து கற்பிப்பது எத்துணை அரிதென்பதை ஆசிரியத் தொழிலிலுள்ளோர் அறிவர்.

இடையில் 1855-இல் அமெரிக்காவினின்று வந்த ஆண்டர்சன் தூதுக்குழுவினர், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் மிக்கு, தாய்மொழி குன்றியதெனக் கருதினர். வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. உடுவில் பிழைத்தது. ஆடவர் கலாசாலை வீழ்ந்தும் பெண்கள் கலாசாலை நின்ற விந்தை இது. 2024-இல் அது இருநூறாம் ஆண்டை எய்தியது.

சைவர் செய்தது என்னை? ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அஃது ஆண்மக்களுக்கானது. பெண்ணைப் பாதிரிமார் கொண்டுபோகிறார் என்று முறையிட்டோர் பலர். பெண்ணுக்கு உயர்தரப் பாடசாலை கட்டியவரைக் காண நெடுங்காலம் ஆயிற்று. இறுதியிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் 1913-இற் சைவப் பெண்கட்கு விடுதியுடன் கல்லூரி எடுத்தார். அவர் துணைவியார் லீலாவதி அம்மையார் அதனைப் பேணி வளர்த்தார். ஆண்மக்களுக்குரிய பரமேசுவரக் கல்லூரியை இராமநாதன் அமைத்தது அதன் பின்னர், 1921-இல். பெண்கள் கல்லூரி எழுந்த ஆண்டில் உடுவிலுக்கு வயது 89.