உல்லாசக் கப்பலின் கதை

மனிதன் மரக்கலம் ஏறிய காலந்தொட்டு அவனுடைய கடற்பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தே வந்தது. வாணிகம் ஒரு காரணம், போர் மற்றொன்று, யாத்திரையும் பிழைப்புத் தேடலும் வேறிரு காரணங்கள். கடல் என்பது கடக்கவேண்டிய இடையூறு. கப்பல் அதனைக் கடப்பதற்குரிய கருவி. கரையை அடைவதே நோக்கம். கரையைப் பற்றிய கவலையின்றி, கப்பலில் இருப்பதற்காகவே பணங்கொடுத்துக் கப்பலேறும் வழக்கம் இரு நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதே. காற்றை நம்பிய பாய்க்கப்பல் எந்நாளில் எத்துறையைச் சேரும் என்று எவராலும் உறுதி கூற இயலவில்லை. நீராவி இயந்திரம் வந்த பின்னரே, துறைகளையும் நாட்களையும் முன்கூட்டி அச்சிட்டு இன்பத்தை விற்பனைப் பொருளாக்குதல் இயல்வதாயிற்று.

இதன் தொடக்கத்திலே ஓர் எழுத்தாளரைக் காண்கிறோம். 1844 ஆம் ஆண்டில் பி அன் ஓ கப்பற் கம்பனியார், மத்தியதரைக் கடலைச் சுற்றி வருமாறு ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவச இடமளித்தனர். மிகக் குறுகிய அவகாசத்தில் புறப்பட்ட அவர், அப்பயண நூலை 1846 இல் வெளியிட்டார். கம்பனிக்கு அது நல்ல விளம்பரம். ஆயினும் தாக்கரே கடல்நோயையும் பூச்சிக்கடியையும் மறைத்தாரல்லர். உல்லாசப் பயண இலக்கியம் பிறந்தபோதே முறைப்பாடும் உடன்பிறந்தது எனலாம்.

எனினும், பெருந்தொகையினர் ஒரே கப்பலை அமர்த்திக்கொண்டு மாதக்கணக்காகச் சுற்றிவந்த முதற் பெரும் அமெரிக்கப் பயணம் 1867 இல் நிகழ்ந்தது. 'குவேக்கர் சிற்றி' என்பது பக்கச்சக்கரங்களாற் செல்லும் நீராவிக் கப்பல். உள்நாட்டுப் போரிற் கடற்படைக்கு உழைத்தது. புரூக்ளின் நகரத் தேவாலயம் ஒன்றன் சார்பில், தலைவன் டங்கன் என்பார் இப்பயணத்தை ஒழுங்கு செய்தார். ஐரோப்பாவும் புனித பூமியும் எகிப்தும் காட்டப்படும் என அறிவிப்பு வெளியாயிற்று. கட்டணம் 1,250 டொலர். பெயர்பெற்ற மதபோதகர் பீச்சரும் படைத்தலைவர் சேர்மனும் உடன்வருவர் எனப் பேசப்பட்டது. ஈற்றில் இருவரும் வரவில்லை. வந்தோரில் ஒருவர், கலிபோர்ணியப் பத்திரிகையொன்று கட்டணஞ் செலுத்தி அனுப்பிய 31 வயது இளைஞர். சாமுவேல் கிளெமென்சு என்பது அவர் இயற்பெயர். மார்க் துவெயின் என உலகம் அவரை அறியும்.

யூன் 8 ஆம் நாள் நியூயோர்க் துறையை விட்டுப் புறப்பட்ட கப்பல், புயல் காரணமாகத் துறைமுக வாயிலிலேயே நங்கூரமிட்டு இரு நாட் காத்திருந்தது. வழியனுப்ப வந்த உறவினர் வீடு திரும்பிவிட்டனர். பயணிகளோ ஊரின் எல்லையைத் தாண்டவில்லை. உல்லாசப் பயணத்தின் முதற்பாடம் இதுவாயிற்று. அட்டவணையை அச்சிடுபவன் மனிதன். அதனைத் திருத்துவது கடல்.

ஆழ்கடலிற் புகுந்ததும் கடல்நோய் தொடங்கிற்று. இதனைப் பற்றித் துவெயின் கூறுவது மனித இயல்பை நன்குணர்ந்த கூற்று. மற்றவர் தலைசுற்றிச் சோர்ந்து கிடக்கையில் தாம் மட்டும் நலமாயிருத்தலே கடற்பயணத்தின் தலைசிறந்த இன்பம் என்பது அவர் கருத்தின் சாரம். பயணிகளிற் பெரும்பாலோர் முதியோர். மாலைதோறும் வழிபாடு நடந்தது. தளத்திலே நடனம் ஆட முயன்றவர்கள், கப்பல் வலப்புறம் சாய்ந்தால் வலப்புறமும் இடப்புறம் சாய்ந்தால் இடப்புறமும் கூட்டமாகச் சறுக்கினர். புறப்பட்ட புதிதில் ஏறக்குறைய எல்லாரும் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினர்; சில வாரங்களில் அவ்வேடுகளிற் பல கைவிடப்பட்டன. கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லக் கப்பலின் நேரம் முன்னேறுதலை அறியாத இளைஞன் ஒருவன், விலையுயர்ந்த தன் கடிகாரம் பழுதடைந்து பின்தங்குகிறதெனக் கவன்றான். கோப்பி வரவர நீர்த்துப்போகிறதெனத் தலைவனிடம் முறையிட்ட பயணி, தம் கோப்பையை மீண்டும் சுவைத்துவிட்டு மெளனமாகத் தம் இருக்கைக்குத் திரும்பினார், அது தேநீர்!

நகைப்புக்கிடமான இவற்றைவிட ஆழமான ஏமாற்றங்களும் உண்டு. அவ்வாண்டு மத்தியதரைக் கடல் நாடுகளில் வாந்திபேதி நோய் பரவியிருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஏதென்சு நகரின் துறையாகிய பிறேயசைக் கப்பல் அடைந்தபோது, பதினொரு நாள் தனிப்படுத்தலுக்கு உட்பட்டாலன்றி எவரும் கரையிறங்கலாகாது என அதிகாரிகள் விதித்தனர். வாழ்நாள் முழுதும் ஏட்டிற் படித்த அக்குரோப்பொலிசுக் குன்று கண்ணெதிரே தெரிகிறது. காலடி வைக்க வழியில்லை. துவெயினும் மூவரும் இரவிற் களவாகப் படகிற் கரைசேர்ந்து, காவலருக்குக் கைக்கூலி கொடுத்து, நிலவொளியில் அப்பளிங்குக் கோயில்களைக் கண்டு மீண்டனர். ஏனையோர் தூரத்திலிருந்து பார்த்ததோடு அமைந்தனர். அதே மாதத்தில் யால்ற்றா நகரில் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் இப்பயணிகளை வரவேற்றார். ஒருபுறம் துறைமுகக் காவலன் தடுக்கிறான். மறுபுறம் பேரரசன் அழைக்கிறான். எது வாய்க்கும் என்பதை எவரும் முன்னறியார்.

பயணிகளின் குறைகளையும் துவெயின் விட்டுவைக்கவில்லை. நினைவுப் பொருளுக்காகப் பழஞ்சின்னங்களைச் சுத்தியலால் உடைத்தெடுத்த தம் தோழரை அவர் கண்டித்தார். நவம்பர் 19 ஆம் நாள் கப்பல் நியூயோர்க் மீண்டபின், அவ்வுல்லாசப் பயணத்தைத் துக்க ஊர்வலத்துக்கு ஒப்பிட்டுப் பத்திரிகைக்கு எழுதினார். ஆயினும் 1869 இல் வெளிவந்த அவரது பயண நூலே, அவர் வாழ்நாளில் மிகுதியாக விற்பனையான நூலாயிற்று. முறைப்பாடுகளைப் படித்தவர்கள் பயணத்தை வெறுக்கவில்லை. தாமும் போகவேண்டுமென்றே விரும்பினர்.

அவ்விருப்பத்தைத் தொழிலாக்கியவர் ஹம்பேர்க் அமெரிக்கக் கம்பனியைச் சேர்ந்த அல்பேட் பாலின். குளிர்காலத்தில் அத்திலாந்திக் வழியிற் பயணிகள் குறைவு. பெருங்கப்பல்கள் துறையில் வாளாகிடந்தன. ஆகவே 1891 சனவரியில் 'ஒகஸ்தா விக்தோரியா' என்னும் கப்பலில் 241 பயணிகளை ஏற்றி, மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார், தாமும் உடன்சென்றார். இத்துணிவு வெற்றியளிக்கவே, உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட 'பிறின்செசின் விக்தோரியா லூயிசே' 1901 இற் கடலேறியது. 1906 டிசம்பரில் அது யமெய்க்காக் கரையிற் பாறையில் மோதி அழிந்தது. பயணிகள் அனைவரும் பிழைத்தனர். பொறுப்பைத் தாங்கவியலாத தலைவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான்.

இக்கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. சுயெசுக் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டதும், கொழும்பில் அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவெய்தியதும், காலித்துறையின் பெருமையைக் கொழும்புக்கு மாற்றின. நாணயம் எறிந்தால் மூழ்கியெடுக்கும் சிறுவரையும், மாணிக்கம் விற்போரையும் கப்பற் பயணிகள் இங்கு கண்டனர். 1896 சனவரியில் துவெயினும் இங்கு வந்தார். இம்முறை அவரைக் கடலேற்றியது உல்லாசமன்று, கடன். தாம் நடத்திய நூல்வெளியீட்டு நிறுவனம் 1894 இல் முறிந்ததால், கடன் தீர்க்க உலகெங்கும் சொற்பொழிவாற்றிச் சென்றார். கொழும்புத் தெருக்களிலே சென்ற மக்களின் உடைகளின் வண்ணங்கள் அவரை வியக்க வைத்தன. ஐரோப்பிய உடை அணிவிக்கப்பட்ட மிசன் பாடசாலைச் சிறுமியரைக் கண்டபோதோ அவ்வியப்பு வருத்தமாயிற்று. இங்கிருந்து பம்பாய்க்கு அவரை ஏற்றிச் சென்ற 'ரொசெற்றா' பழைய, வறிய கப்பல். ஆயினும் அதில் எல்லாரும் இராவுணவுக்குப் பகட்டான உடை அணிந்தே வந்தனர். மாலைத் தேநீருக்கு ஒரு துண்டு தேசிக்காய் வேண்டினும் கையொப்பமிட்டு வாங்கவேண்டியிருந்தது. முப்பதாண்டு கழிந்தும் துவெயினின் முறைப்பாடு ஓயவில்லை!

இச்சிறு குறைகளை நாம் நகைத்துக் கேட்கலாம். ஆனால் அதே காலத்தில் அதே கடலிற் சென்ற வேறொரு கூட்டத்தையும் நினைத்தல் வேண்டும். தாக்கரே கப்பலேறிய 1840களில், தென்னிந்தியத் தொழிலாளர் நெருக்கமான படகுகளிற் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். வாந்திபேதியால் வழியிலே மாண்டோர் பலர். பாலினின் கம்பனி செழித்ததும் கிழக்கைரோப்பாவின் வறிய குடிபெயர்ந்தோர் செலுத்திய கட்டணத்தினாலேயே. மேற்றளத்தில் நடனம் நடக்கையில், கீழே வெங்கனலில் நிலக்கரி அள்ளிப்போட்டவர்களும் இருந்தனர். கோப்பி நீர்த்துவிட்டதென முறையிட நேரம் வாய்த்தல்கூட ஒரு செல்வமே. அவர்களுள் நாட்குறிப்பு எழுதியோர் அரியர். ஆதலால் வரலாற்றில் முறைப்பாடு மிகுதியாகக் கேட்பது குறைவாகத் துன்புற்றோருடையதே.

2023 யூன் மாதத்திற் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டு, காங்கேசன்துறைக்கும் வந்தது. ஒருகாலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த நீரிலே, இன்று இசையும் விருந்துமாகப் பயணஞ் செய்கின்றனர். இது மகிழ்தற்குரிய மாற்றமே. அக்கப்பல்களில் ஏறுவோர் உணவைப் பற்றியும் அறையைப் பற்றியும் தாராளமாகக் குறைகூறட்டும். அவ்வுரிமையை அவர்களுக்கு வரலாறு வழங்கியிருக்கிறது. அத்துடன், கரையிறங்கும் சில மணிநேரத்திலே சுத்தியலை விடுத்துக் கண்ணைத் திறந்து, அவ்வூர் மக்களையும் பார்ப்பாராயின், 'குவேக்கர் சிற்றி'யின் பயணிகள் பலர் தவறவிட்ட பயனை இவர்கள் பெறுவர்.