ரசம்மா என்ற ருக்மணி தேவி

எமது சங்கமும் ருக்மணி தேவியும் ஒரே வயதினர். இரண்டும் பிறந்தது 1923இல். அவர் எமது பாடசாலையில் படித்தவரல்லர். ஆயினும் இந்த மலரில் அவருக்கு இரண்டு பக்கம் வேண்டுமென்று நாம் கேட்டு வாங்கினோம். வைத்தியர்கள், அதிபர்கள், சமூக சேவகிகள் எல்லோருக்கும் இம்மலரில் இடமுண்டு. மேடை ஏற ஆசைப்பட்டு, ஏறாமலே வீடு திரும்பிய பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நாம் விடுதியில் இருந்த நாட்களில் சமையலறைப் பக்கத்து வானொலியில் சிங்களப் பாட்டுகள் கேட்கும். அவற்றுள் ஒரு குரல் தனியாகத் தெரியும். பொருள் விளங்காமலே அதை முணுமுணுத்தோம். அந்தக் குரலுக்குரியவரின் இயற்பெயர் டெய்சி ரசம்மா டானியல்ஸ் என்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. ரசம்மா! அக்கால இடாப்பு எதைப் புரட்டினாலும் ஒரு ரசம்மா இருப்பார் அல்லவா?

1923 ஜனவரி 15இல் நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்து கொழும்பில் வேரூன்றிய சமூகம் அது. வீட்டு மொழியிலும் வழிபாட்டிலும் பல மாற்றங்களைக் கண்டது. இன்று குடிசன மதிப்பீட்டில் அவர்களுக்குத் தனி இடமுண்டு. ஆகவே ருக்மணி தேவியை "எங்கள் தமிழ்ப் பெண்" என்று மார்தட்டி உரிமை கோருவது முழுச் சரியென்று நாம் நினைக்கவில்லை. அவரைச் சிங்களவர் என்றே எண்ணிக் கொண்டிருந்ததும் சரியல்ல. ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாதவராகவே அவர் வாழ்ந்தார்.

பதின்மூன்று வயதளவில் 'ராமாயணய' என்ற சிங்கள நாடகத்தில் சீதையாக வந்தார். எமது பரிசளிப்பு விழாக்களிலும் சீதைகள் இருந்தார்கள். மண்டபம் கைதட்டும், பெற்றோர் பூரிப்பார்கள், மறுநாள் சீதை கணக்குப் புத்தகத்தோடு வகுப்பில் இருப்பாள். அதோடு சரி. பாடசாலை மேடை வேறு, காசு கொடுத்துப் பார்க்கும் மேடை வேறு. பின்னையதில் ஏறும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நாம் இங்கு எழுத வேண்டியதில்லை. ரசம்மா அந்த எல்லையைத் தாண்டினார். டெய்சி என்ற பெயரும் ரசம்மா என்ற பெயரும் பின்னால் நின்றுவிட, ருக்மணி தேவி என்பது நிலைத்தது.

முப்பதுகளின் பிற்பகுதியில் ரூபசிங்க மாஸ்டருடன் சேர்ந்து கிராமபோன் இசைத்தட்டில் பாடினார். பாட்டு, புத்தகயா விகாரையைப் போற்றும் 'சிரி புத்தகயா விஹாரே'. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் பாடிய பௌத்த பக்திப் பாட்டு. அதைப் பௌத்த வீடுகள் ஏற்றுக்கொண்டன. இன்றும் மறக்கவில்லை.

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினேர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்ததே பெரிய திருப்பம். ஜயமான்னவின் தம்பி எடியை மணந்தார். அக்குழுவின் வெற்றி நாடகமான 'கடவுனு பொரொந்துவ', அதாவது முறிந்த வாக்குறுதி, முதலாவது சிங்களப் பேசும் படமாயிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். இலங்கையில் அப்போது ஸ்டூடியோ இல்லாதபடியால் கடல் கடந்து மதுரைக்குப் போய்ப் படமெடுத்தார்கள். இசையமைத்தவர் நாராயண ஐயர். சிங்கள சினிமாவின் தொட்டிலை ஆட்டிய கைகளை இப்படி வரிசையாகப் பார்க்கும்போது, பின்னாளில் இந்நாட்டில் மொழியின் பேரால் நடந்தவை எல்லாம் நினைவுக்கு வராமல் இல்லை.

1947 ஜனவரி 21இல் படம் திரைக்கு வந்தது. கதாநாயகிக்கு இருபத்துநான்கு வயது நிறைந்து ஆறே நாட்கள். கணவர் எடியும் அதில் இருந்தார். ஆனால் அவர் காதலர் அல்லர், சிரிப்பு மூட்டும் வேலைக்காரர்! அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்களுக்கு அது நாடகத்தைக் கமராவுக்கு முன் நிறுத்தியது போலத்தான் இருக்கும். கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்று பேசிப் பழகியவர்கள் அவர்கள். அந்தக் குறையை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ருக்மணி தேவி பாடத் தொடங்கியதும் குறை மறந்துபோகிறது. நடிப்பும் பாட்டும் ஒருவரிடமே இருக்க வேண்டிய காலத்தில் இரண்டும் அவரிடம் இருந்தன. வேறொருவர் குரலுக்கு வாயசைக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. பிற்காலத்தில் மற்ற நடிகைகளுக்கு அவரே குரல் கொடுத்தார்.

அடுத்த பத்து ஆண்டுகள் அவருடையவை. ஜயமான்ன சகோதரர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துடன் கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டு போனார். அது நல்லதே, சிங்கள சினிமாவுக்கு அவசியமானதும்கூட. ஆனால் ஸ்டூடியோக் கண்ணீர்க் கதைகளுக்கு இருந்த மவுசு மெல்லக் குறைந்தது, அவற்றின் அரசிக்கும் வயது ஏறியது. கதாநாயகி தாயானார், பிறகு துணைப் பாத்திரமானார். திரை கைவிட்ட வேளையிலும் குரல் கைவிடவில்லை. ஊரூராக இசை நிகழ்ச்சிகளிலும் கார்னிவல்களிலும் பாடினார். இதைச் சிலர் வீழ்ச்சி என்று எழுதுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணொருத்தி தன் குரலை நம்பி, இரவிரவாகப் பயணம் செய்து உழைத்ததை வீழ்ச்சி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

1978 ஒக்டோபர் 28. மாத்தறையில் இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. அவ்விடத்திலிருந்து நீர்கொழும்பு வீடு அதிக தூரமில்லை. அவருக்கு வயது 55. வெள்ளமாய்த் திரண்ட சனம் அவரை வழியனுப்பியது. நீர்கொழும்பிலேயே அடக்கம் செய்தார்கள்.