சிதம்பரத்தில் இரு பள்ளிகளும் ஒரு புராணமும்

1. தோற்றுவாய்

தமிழகத்துப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் ஆண்டு மலர்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது. நிறுவியவர் பெயர், கட்டடம் எழுந்த ஆண்டு, தேர்ச்சி பெற்றோர் தொகை, விளையாட்டிற் பெற்ற கேடயங்கள் ஆகியவற்றை அம்மலர்கள் நிரல்படக் கூறும். இலக்கிய வரலாறு எழுதுவோரோ பள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு நூலை யார் பதிப்பித்தார், யார் உரை வகுத்தார் என்று ஆராய்வோர், அந்நூல் எந்தத் திண்ணையில் பயிலப்பட்டது, அத்திண்ணையில் அமர எவர்க்கு உரிமை இருந்தது, எவர்க்கு இல்லை என்று வினவுவதில்லை. இவ்வினாவை எழுப்பாத இலக்கிய வரலாறு குறையுடையதே என்பது எம் கருத்து.

இக்கருத்தை விளக்கச் சிதம்பரத்தைக் காட்டிலும் ஏற்ற ஊர் பிறிதில்லை. பெரியபுராணம் அரங்கேறியது தில்லைத் திருக்கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. அவ்வூரிலேயே அரை நூற்றாண்டு இடைவெளியில் இரு பள்ளிகள் தோன்றின. ஒன்று, 1864-ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை. மற்றொன்று, 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் பள்ளி. இரண்டும் துறவு மனப்பான்மையுடைய தனி மனிதர் இருவரால் தோற்றுவிக்கப் பெற்றவை. இரண்டும் சேக்கிழார் நூலோடு தொடர்புடையவை. எனினும், அந்நூலை அவை அணுகிய வழிகள் வேறு. அவ்வேறுபாட்டை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாவலர் கண்ட பள்ளி

நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் தோன்றியவர். வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். கல்வி, அச்சு, சொற்பொழிவு என்னும் மூன்று கருவிகளைக் கொண்டு கிறித்தவ சமயத் தொண்டர்கள் ஆற்றிய பணியை அவர் அண்மையிலிருந்து கண்டார். அம்மூன்றையும் சைவத்தின் பொருட்டுக் கையாளத் துணிந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு அச்சுப்பொறி வாங்கும் பொருட்டுத் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியது.

பள்ளி வைத்தபின் பாடநூல் வேண்டுமன்றோ? அக்காலத்தில் சிறுவர்க்கேற்ற தமிழ் உரைநடை நூல்கள் மிகச் சிலவே. பாலபாடங்கள், இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை முதலியன இத்தேவையிற் பிறந்தவை. 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. செய்யுளைப் பிரித்துப் பொருள் காண இயலாதாரும் அடியார் வரலாற்றை அறிய அது வழி செய்தது. நாவலர் உரைநடையின் தெளிவை அனைவரும் போற்றுவர். அத்தெளிவு மாணாக்கனை முன்னிறுத்தி எழுதியதன் பயன் என்பதை யாம் இங்கு வலியுறுத்துகின்றோம்.

சிதம்பரத்து வித்தியாசாலையைத் தொடங்கி அவ்வூரிலேயே சில ஆண்டுகள் தங்கிய நாவலர், 1870-இல் யாழ்ப்பாணம் மீண்டார், 1879-இல் மறைந்தார். பள்ளியோ அவர்க்குப் பின்னும் நிலைத்து, உயர்நிலைப் பள்ளியாய் வளர்ந்து, இன்று அவர் பெயரையே தாங்கிய மேனிலைப் பள்ளியாய் விளங்குகின்றது.

3. வகுப்பறைக்கு அப்பால்

இன்று 'பாடத்திட்டத்திற்குப் புறம்பான செயல்கள்' என்று நாம் வழங்கும் தொடர் நாவலர்க்கு விளங்கியிராது. அவர் கருத்தில் பள்ளிக்கு உள்ளே, புறம்பே என்ற பிரிவு இல்லை. 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு, பள்ளி தோன்றுவதற்கு முன்னரே தோன்றியது. சொற்பொழிவு பள்ளியை ஈன்றது. பள்ளி பாடநூலை ஈன்றது. பாடநூல் அச்சகத்தை வளர்த்தது. தேவாரம் ஓதுதல், புராண படனம், மேடையிற் பேசுதல் ஆகியன கல்வியின் உறுப்புகளாகவே கொள்ளப்பட்டன. தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பின்னாளில் பெருகிய இலக்கிய மன்றங்களுக்கும் பேச்சுப் போட்டிகளுக்கும் இத்தகைய முயற்சிகள் ஒரு முன்னோடி எனலாம்.

ஆயினும் ஓர் எல்லையை மறைத்தல் கூடாது. நாவலர் சாதிக் கட்டுப்பாட்டை ஏற்றவர். அவர் எழுதிய சமய நூல்களே அதற்குச் சான்று. அடியார்க்குச் சாதியில்லை என்று முழங்கும் ஒரு புராணத்தை எளிய நடையில் எழுதியவர், அப்புராணம் பாடும் திருநாளைப்போவாரின் குலத்துச் சிறுவனுக்குத் தம் பள்ளியில் இடம் வகுத்திலர். 'அவர் காலம் அத்தகையது' என்று அமைதி கூறுவோர் உளர். அவ்வமைதி முழுதும் பொருந்தாது. அதே தென்னார்க்காட்டு மாவட்டத்தில், வடலூரில், இராமலிங்க அடிகள் 1867-இல் நிறுவிய தருமச்சாலையில் சாதி வேறுபாடின்றி உணவு படைக்கப்பட்டது. அவ்விருவரிடையே எழுந்த அருட்பாப் பூசல் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றமை யாவரும் அறிந்ததே. ஆகவே வேறு வழி அக்காலத்தில் இல்லாமலில்லை, கண்ணெதிரே இருந்தது. நாவலரின் தொண்டைப் போற்றுதலும் அதன் எல்லையைச் சுட்டுதலும் ஆராய்ச்சியாளனுக்கு ஒருங்கே உரிய கடமைகளாகும்.

4. நந்தனார் பள்ளி

சுவாமி சகஜானந்தர் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர் குடியிற் பிறந்தவர். இளமைப் பெயர் முனுசாமி. திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து, தமிழும் வேதாந்தமும் கற்று, துறவுப் பெயரும் பெற்றார். மிஷன் பள்ளியிற் கற்று, அதன் வழிமுறைகளைக் கண்டு, தம் சமய மரபுக்குள் நின்றே கல்விப் பணி செய்யத் துணிந்தமையில் அவர் நாவலரை ஒத்தவர். 1910-இல் சிதம்பரம் வந்தார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தின் சார்பில் ஏறத்தாழ இருபத்தைந்து மாணாக்கரோடு பள்ளியைத் தொடங்கினார்.

பள்ளி எழுந்த இடம் கருதத்தக்கது. ஊரின் புறத்தே உள்ள ஓமக்குளம், நந்தனார் தீ மூழ்கிய இடம் என்று வழங்கப்படுவது. அதனை அடுத்தே இக்கல்விப் பணி வேரூன்றியது. சேக்கிழார் நூலில் நந்தனார் தில்லையின் எல்லையை வலம் வந்து, உட்புக அஞ்சி நிற்கின்றார். இறைவன் ஆணையால் தீயினுட் புகுந்து, முனிவர் வடிவோடு வெளிப்பட்டபின்னரே கோயிலுள் அழைக்கப்படுகின்றார். அதாவது, பிறந்த உடம்போடு அவர்க்கு நுழைவு இல்லை. அந்த இடத்திலேயே, பிறந்த உடம்போடு வந்த சிறுவரை அவ்வாறே ஏற்ற ஒரு கட்டடம் எழுந்தது. சேக்கிழார்க்கு எழுதப்பட்ட உரைகளுள் ஏட்டில் எழுதப்படாத உரை இதுவே என யாம் கருதுகின்றோம்.

5. பெயர்ப் பொருள்

பள்ளியின் பெயரும் ஆராய்தற்குரியது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 'நாளைப்போவார்' என்ற காரணப்பெயரே காணப்படுகின்றது. சேக்கிழார் 'நந்தனார்' என்னும் இயற்பெயரையும் தருகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அவ்வியற்பெயரை ஊர்தோறும் பரப்பியது. சேக்கிழார் கூறாத வேதியர் என்னும் நிலக்கிழார் பாத்திரத்தைப் படைத்து, நந்தனைப் பண்ணையாளாக்கிக் காட்டியவரும் அவரே. புராணத்தில் அச்சமும் பத்தியும் தடையாயின. கீர்த்தனையில் அறுவடை வேலையும் ஆண்டையின் ஆணையும் தடையாயின. 1942-இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் அப்பாத்திரத்தை ஏற்றுப் பாடிய தண்டபாணி தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

'நாளைப் போவேன்' என்பது தள்ளிப்போடும் சொல். இயற்பெயரில் அத்தள்ளிப்போடுதல் இல்லை. பள்ளிக்கு இயற்பெயர் அமைந்தது தற்செயலாயினும் பொருத்தமுடையதே.

6. உண்டியும் உறையுளும்

கொள்ளிடத்தின் வடகரையிலும் வீராணத்து ஏரிப் பாசனத்திலும் வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்குப் பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தமை மட்டும் தடையன்று. மாடு மேய்க்கும் சிறுவன் பள்ளிக்குச் சென்றால் ஒரு வேளைக் கூழ் வீட்டிற் குறையும். எனவே, சோறு போடாத பள்ளி அவனைப் பொறுத்தவரை திறவாத பள்ளியே. நந்தனார் பள்ளியோடு மாணவர் விடுதியும் இணைந்து வளர்ந்ததன் இன்றியமையாமை இதனால் விளங்கும். வடலூரில் அறமாக விளங்கிய உணவு, இங்குக் கல்வியின் அடிப்படையாயிற்று. 1956-இல் மாநிலமெங்கும் தொடங்கிய பகல் உணவுத் திட்டத்திற்கு நாற்பதாண்டு முற்பட்டது இப்பள்ளி என்பதை மறத்தல் ஆகாது.

பள்ளியின் செயல் சட்டமன்றத்திற்கும் சென்றது. சகஜானந்தர் 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். 1959 மே முதல் நாளில் மறைந்தபோதும் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார். 1927 செப்டம்பரில் சிதம்பரம் வந்த காந்தியடிகள், நந்தனாரைச் சத்தியாக்கிரகத்தின் எடுத்துக்காட்டாகப் போற்றிப் பேசினார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயிற் கதவுகளை அனைவர்க்கும் திறந்தது. பள்ளிக் கதவு அதற்கு முப்பத்தோராண்டு முன்னரே திறந்துவிட்டது. தனி மனிதர் முயற்சியாய்த் தோன்றிய இப்பணி, இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அமைந்த அரசு நந்தனார் மேனிலைப் பள்ளிகளாய் நிலைபெற்றுள்ளது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு செய்திகள் போதரும். முதலாவது, ஒரு பள்ளியின் சிறப்பைத் தேர்ச்சிப் பட்டியலைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. நாவலர் பள்ளியின் பயன் தமிழ் உரைநடையிலும் மேடைத்தமிழிலும் தங்கியுள்ளது. நந்தனார் பள்ளியின் பயன், முதன்முறையாக எழுத்தறிந்த குடும்பங்களில் தங்கியுள்ளது. இரண்டாவது, பெரியபுராண ஆராய்ச்சி பதிப்புகளோடும் உரைகளோடும் நின்றுவிடுதல் தகாது. அந்நூலை எளிதாக்கியவர் ஒருவர். அதனை அனைவர்க்கும் உரியதாக்க முயன்றவர் மற்றொருவர். முன்னவர் வசனமின்றிப் பின்னவர் மாணாக்கர்க்கு அடியார் வரலாறு எளிதில் கிட்டியிராது. பின்னவர் பள்ளியின்றி முன்னவர் வசனம் ஒரு சாரார்க்கே உரியதாய் நின்றிருக்கும்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளின் பழைய பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகளும், விடுதிக் கணக்குகளும், மன்ற நிகழ்ச்சிக் குறிப்புகளும் கறையானுக்கு இரையாகும் முன் படி எடுக்கப்படல் வேண்டும். ஓலைச்சுவடிகளுக்காக ஊர் ஊராய் அலைந்த மரபு நம்முடையது. அம்மரபினர், அடுத்த தெருவிலுள்ள பள்ளியின் பரணையும் ஏறிப் பார்த்தல் கடனாகும்.