ஆபர்ன்: லகரம் இழந்த வெள்ளை

செம்பழுப்புக் கூந்தலை ஆங்கிலத்தில் 'ஆபர்ன்' என்பர். இதன் மூலமான 'அல்புர்னுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வெண்மை சார்ந்தது என்று பொருள். வெள்ளையைக் குறிக்கும் 'அல்புஸ்' அதன் வேர். வெள்ளை எப்படிச் செம்பழுப்பானது? பழுப்பைக் குறிக்கும் 'பிரௌன்' என்ற சொல்லோடு நேர்ந்த ஒலிமயக்கமே காரணம் என்று சொற்பிறப்பு அகராதிகள் விடை தருகின்றன. விடை சரி, ஆனால் பாதிதான். அந்த மயக்கத்துக்கு முன்பே இச்சொல் தன் இனத்தைவிட்டுப் பிரிந்திருந்தது.

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன் நின்ற லகரம் உகரமாகக் குழைவது வழக்கம். விடியலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'ஓப்' இதே 'அல்புஸ்' வழி வந்தது. அதிலும் லகரம் இல்லை. பாதிரிமாரின் வெள்ளை அங்கியான 'ஆல்ப்', பின்னர் வந்த 'ஆல்பம்', 'அல்பினோ' ஆகியவற்றிலோ லகரம் தங்கியிருக்கிறது. 'ஆபர்ன்' என்று கேட்ட ஆங்கிலேயருக்கு வெள்ளையை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை.

இதை உரசிப்பார்க்க நல்ல சான்று உண்டு. மரத்தின் வெளிறிய மென்பகுதியைத் தாவரவியலார் இன்றும் 'அல்புர்னம்' என்கின்றனர். ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஒரு வெள்ளிநிற மீனின் அறிவியற்பெயர் 'அல்புர்னுஸ் அல்புர்னுஸ்'. லகரம் நின்ற இடங்களில் வெளிறல் மாறவே இல்லை. ஃபுளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதியும் 'அல்புர்னோ' என்ற சொல்லுக்கு மரத்தின் மென்பகுதி, பெண்டிர் கூந்தலின் வெளிறிய நிறம் என இரண்டையும் பொருளாகத் தருகிறது.

பிறகுதான் 'பிரௌன்' வருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அப்ரன், அப்ரூன், அப்ரௌன் என்றெல்லாம் எழுதினார்கள். இதை எழுதத் தெரியாதவர் பிழை என்று தள்ளிவிட முடியாது. ரகரமும் உயிரும் இடம் மாறுவது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' ஒருகாலத்தில் 'பிரிட்' என்றிருந்தது. தசை சதையானதை நம் இலக்கண உரைகள் எழுத்து நிலைமாறுதல் என்பது இது போன்றதே.

ஒலி ஒற்றுமை மட்டுமே பொருளை முடிவுசெய்துவிடுமா? ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பில், 'கொரியலேனஸ்' நாடகத்தில் இச்சொல் 'ஏப்ரம்' என்று அச்சாகியிருக்கிறது. அக்காலத்தார் 'ஆபிரகாம் நிறத் தாடி' என்றும் எழுதியிருக்கிறார்கள். இனம் தெரியாத சொல்லுக்குக் கேட்டவர் காதுக்கு எட்டிய உறவையெல்லாம் கற்பித்தார்கள். ஆபிரகாம் தோற்று பிரௌன் வென்றதற்குக் காரணம், அதுவும் ஒரு நிறப்பெயர் என்பதே. ஆனால் தலைமுடி நிறங்களை அடுக்கும் 'கொரியலேனஸ்' நாடகத்தின் அதே வரிசையில் பழுப்பு தனியாக வருகிறது. ஆகவே 'ஏப்ரம்' அங்கே பழுப்பாக இருக்க முடியாது.

சிவப்பு எங்கிருந்து வந்தது என்பது கடினமான கேள்வி. வெள்ளையிலும் அது இல்லை, பழுப்பிலும் இல்லை. பழுப்புக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததால் புதிதாக அங்கே சேர்ந்த சொல் அதன் ஓரத்தில், செம்மை தொடங்கும் பகுதியில், ஒதுங்கியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எழுத்து மட்டும் பிறகு பழைய வடிவுக்குத் திரும்பியது. 1685ஆம் ஆண்டின் நான்காம் தொகுப்பு 'ஏப்ரம்' என்பதை 'ஆபர்ன்' என்று திருத்தியது. திரும்பி வந்ததும் பிரெஞ்சு வடிவுதான். லகரம் வரவில்லை, வெண்மையும் வரவில்லை. அந்தத் திருத்தத்தைப் படிக்கும் இன்றைய வாசகர் செம்பழுப்பையே காண்கிறார். ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில் ஜூலியா தன் மஞ்சள் முடியைச் சில்வியாவின் ஆபர்ன் முடியோடு ஒப்பிடும் இடத்தில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே செம்பழுப்பு என்று மொழிபெயர்ப்பவர் அடிக்குறிப்பில் வெளிர்மஞ்சளுக்கும் இடம் தர வேண்டும்.