பெட்டிக்கு அடியில் ஒரு மின்நிலையம்

இந்திய ரயில்வே வரலாற்றை எழுதுவோர் எஞ்சினையே எழுதுகின்றனர். பெட்டியின் அடியில் ஓடிய வார்ப்பட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. நீராவி எஞ்சின் பெட்டிகளுக்கு மின்சாரம் தரவில்லை. ஆகவே சக்கர அச்சின் சுழற்சியைப் பட்டை வழியே பெற்ற டைனமோ விளக்குகளை எரித்து, மின்கலங்களுக்கும் மின்னேற்றியது. வண்டி நின்றதும் சுமை முழுவதும் மின்கலங்களின் மேல் விழுந்தது.

லண்டன் டெட்ஃபோர்டின் ஸ்டோன் நிறுவனம் 1890களில் வகுத்த முறை இங்கும் பரவியது. 1902இல் ஜோத்பூர் ரயில்வே மின்விளக்கைப் பெட்டியின் நிலையான அங்கமாக்கியது. ஸ்டோன் முறையில் வேகம் மிகுந்தால் பட்டை வழுக்கும். டைனமோ அளவுமீறிச் சுழலாது. (வழுக்கலையே கட்டுப்பாட்டுக் கருவியாக்கிய துணிச்சல் வியப்புக்குரியது.) வேகம் குறைந்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்; இல்லையேல் மின்கலம் டைனமோவுக்குள் வடிந்துவிடும். வண்டி திசை மாறினால் மின்முனைகளும் மாறும். அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

பின்னர் ஆல்டர்னேட்டரும் டையோடுகளும் இவ்விரு சிக்கல்களையும் ஒருசேரத் தீர்த்தன. 24 வோல்ட் 110 வோல்ட் ஆயிற்று. சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட், குளிர்சாதனப் பெட்டிக்கு 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர்கள் பொருத்தப்பட்டன.

ஆயினும் மின்னேற்றம் தொடங்கக் குறைந்தபட்ச வேகம் வேண்டும் என்ற விதி மாறவில்லை. இதை வெறும் பொறியியல் செய்தியாகக் கொள்வது எனக்கு ஏற்புடையதன்று. விரைவு வண்டியின் மின்கலம் ஓட்டத்திலேயே நிறைந்தது. ஊருக்கு ஊர் நின்ற பாசஞ்சர் வண்டியின் மின்கலமோ நிறையுமுன்பே அடுத்த நிலையம் வந்துவிட்டது. விளக்கு மங்கியது அங்கேதான்.