துருவே காப்பான வரலாறு

துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தை மழையும் பனியும் கைவியர்வையும் ஓயாமல் அரிக்கும். 18ஆம் நூற்றாண்டில் 'பிரவுன் பெஸ்' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் மஸ்கெட்டுகளின் குழல்கள் காப்பு எதுவும் இல்லாமல் வெள்ளையாக மின்னின. சிப்பாய்கள் அவற்றைச் செங்கற்பொடியால் தேய்த்துத் துலக்கினார்கள். துலக்கத் துலக்க இரும்பும் தேய்ந்தது. வெயிலில் எழுந்த மினுமினுப்பு ஆள் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தது.

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, துருவைக் கொண்டே துருவைத் தடுப்பது இதற்குக் கிடைத்த தீர்வு. பழுப்பேற்றுதல் என்னும் இம்முறையில் முதலில் குழலின் இரு வாய்களும் மரக்கட்டையால் அடைக்கப்பட்டன. உட்புறத்தில் அமிலம் படாமல் காத்த அந்தக் கட்டைகளே, விரல்படாமல் குழலைத் தூக்கும் கைப்பிடிகளாகவும் உதவின. எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் நீக்கிய குழலில் அமிலக் கரைசலை மெல்லிதாகத் தடவி, ஈரமான அறையில் வைத்தார்கள். எழுந்த செந்துருவில் ஒட்டாத பொடியைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மீண்டும் கரைசல் தடவினார்கள். சில நாட்களில் இறுகப் பற்றிய பழுப்புப் படலம் உருவாகும். கடைசியில் அமிலத்தின் வேலையை நிறுத்திவிட்டு எண்ணெய் அல்லது மெழுகு பூசினார்கள். 1800இல் அறிமுகமான பேக்கர் ரைஃபிளின் குழல் இப்படிப் பழுப்பேற்றப்பட்டது. வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டு நூல்களில் இதற்கான கலவைகள் அச்சாகி, பட்டறைக்கு வெளியேயும் பரவின.

ஒவ்வொரு சுற்றிலும் துருப்பிடித்த குழலைக் கொதிநீரில் வேகவைத்தால், செந்துரு மேக்னடைட் என்னும் கருநிற இரும்பு ஆக்சைடாக மாறும். நீலக்கருமை கொண்ட அந்தப் படலம் பழுப்பைவிட நேர்த்தியானது. 1930களில் இதே கருமையை விரைவாகத் தரும், காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த, சுமார் 140 பாகை செல்சியஸ் சூட்டுத் தொட்டி பரவலானது. பல நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் குழல்களை இணைக்கும் ஈயப்பற்றைக் காஸ்டிக் அரிக்கும் என்பதால், அவற்றுக்குப் பழைய முறையே நிலைத்தது.

போர்க்களத்துக்கு இதைவிட உறுதியான காப்பு தேவைப்பட்டது. பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை அமிழ்த்தும் முறைக்கு 1906இல் காப்புரிமை பெற்றார். அதன் அமெரிக்க உரிமையை வாங்கிய கிளார்க் பார்க்கர் 1915இல் தொடங்கிய நிறுவனம் அதை மேம்படுத்தியது. அவர் பெயராலேயே இது 'பார்க்கரைசிங்' எனப்பட்டது. முதல் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களும், இரண்டாம் உலகப் போரில் எம்1 கேரண்ட் ரைஃபிள்களும் இம்முறை தரும் சாம்பல்நிறப் படலத்தைப் பெற்றன. இதன் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கும். அவற்றின் இடுக்குகள் எண்ணெயை உறிஞ்சி நெடுநாள் தேக்கிவைக்கும்.

பின்னாளில் பிசினும் பீங்கான் துகளும் கலந்த பூச்சுகள் வந்தன. இவற்றில் சிலவற்றை வீட்டிலேயே தெளித்துச் சூட்டில் பதப்படுத்தலாம். இவை துருவின் வேதியியலை நம்புவதில்லை. காற்றும் நீரும் தொடாதபடி இரும்பை மறைத்து நிற்கின்றன. ஆயினும் ஒரு விதி 200 ஆண்டுகளாக மாறவில்லை: பிசுக்கு முற்றிலும் நீங்காத இரும்பில் எந்தக் காப்பும் நிலைப்பதில்லை.