கரிசல் நிலத்தின் வரலாற்றுச் சின்னங்கள்: கழுகுமலை, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம்

ஆய்வுச் சுருக்கம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்திலுள்ள குடைவரைக் கோயில், கோட்டை, அரண்மனை ஆகிய மூவகைச் சின்னங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. ஒரு சின்னம் நிலைப்பதற்கும் அழிவதற்கும் கட்டுமானப் பொருள், அரசியல், பொருளாதார ஆதரவு ஆகியவை எவ்வாறு காரணமாகின்றன என்பதை இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல், வெட்டுவான் கோயில், பாளையம், மண்கோட்டை, சமீன் அரண்மனை.

முன்னுரை

மழை பெய்தால் உப்பிக் குழைவதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதும் கரிசல் மண்ணின் இயல்பு. மானாவாரிப் பருத்தியும் கம்பும் விளைந்த இந்நிலம், ஆற்றுப்பாசனச் செல்வம் கொழித்த தாமிரபரணிக் கரையைப் போன்றதன்று. ஆயினும் பாண்டியர் காலம் முதல் சமீன்தாரி முறை ஒழிந்த காலம் வரையிலான வரலாற்றுத் தடயங்களை இது கொண்டுள்ளது. அவை அனைத்தும் ஒரே நிலையில் எஞ்சவில்லை. அவ்வேறுபாடே இங்கு ஆய்வுக்குரியது.

கல்: கழுகுமலை

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை அமைந்துள்ளது. இங்குள்ள வெட்டுவான் கோயில், பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கிய ஒற்றைக்கல் தளியாகும். இது கி.பி. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ இக்காலத்திலேயே இராட்டிரகூடர் எல்லோராவில் கயிலாசநாதர் கோயிலைக் குடைந்தனர். வெட்டுவான் கோயிலின் விமான மேற்பகுதி நுண்ணிய வேலைப்பாட்டுடன் விளங்க, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. இக்குறையே பணி நிகழ்ந்த முறையைத் தெளிவாகக் காட்டும் சான்றாகிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் சிற்பம் இவ்விமானத்தின் தனிச்சிறப்பாகும்.

அதே மலையில் தீர்த்தங்கரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களையும் ஊர்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் துறவியர் இவற்றில் இடம்பெறுவது, அக்காலச் சமயக் கல்வியில் பெண்களுக்கிருந்த இடத்தை அறியத் துணைபுரிகிறது.

மண்: பாஞ்சாலங்குறிச்சி

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் எழுப்பப்பட்டது. 1801 போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ், அது ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடையது என்றும், உறுதியாக ஒட்டும் தன்மையுடைய மண்ணாலானது என்றும் குறித்துள்ளார். மண் என்பதால் அதனை வலுவற்றதாகக் கருதுதல் பொருந்தாது. 1799 செப்டம்பர் 5 அன்று பானர்மன் படை நடத்திய தாக்குதல் பெரும் இழப்புடன் முறியடிக்கப்பட்டது. பின்னர்க் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாள்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பினார். விரைந்து எழுப்பத்தக்க மண்ணின் இயல்பே இதற்கு உதவியது எனலாம். அவ்வாண்டு மே 24 அன்றுதான் அக்னியூ தலைமையிலான படை அதனைக் கைப்பற்றியது. அதன்பின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. எனவே இக்கோட்டையை அழித்தது மழையன்று. ஆட்சியாளரின் முடிவே ஆகும்.

இன்று பயணிகள் காணும் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையின் அடித்தள எச்சங்கள் அதனருகே பாதுகாக்கப்படுகின்றன. நினைவுச்சின்னத்தையே தொல்சின்னமாகக் கொள்ளும் மயக்கம் பார்வையாளர்க்கு நேர இடமுண்டு.

காரை: எட்டயபுரம்

கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரம் பாளையம், பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதியைப் பெற்றது. பின்னர்ச் சமீனாக நீடித்தது. கழுகுமலைக் கழுகாசலமூர்த்தி கோயிலும் அதன் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும், 1882இல் பாரதியார் பிறந்ததும் இவ்வூரிலேயே. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் இங்கு அச்சேறியது. ஆகவே இவ்வரண்மனை அரசியல் வரலாற்றுக்கு மட்டுமன்றி, இசை, இலக்கிய வரலாற்றுக்கும் உரிய இடமாகும். 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் நில வருவாய் நின்றது. அவ்வருவாயை நம்பிய கட்டடங்களின் பராமரிப்பும் தளர்ந்தது. குடியானவர்க்கு விடிவு தந்த அதே சட்டம் அரண்மனையின் ஆதாரத்தை அகற்றியது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

முடிவுரை

கல் தானே நின்றது. மண் பகையால் அழிந்தது. காரை ஆதரவின்றித் தளர்ந்தது. இதன் விளைவாக, 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட கழுகுமலையை நேரில் கண்டு ஆராய முடிகிறது; இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பாளையக்காரர் கோட்டையை எதிரியின் குறிப்புகள் வழியாகவே பெரிதும் அறியவேண்டியுள்ளது. எஞ்சிய சின்னங்களை மட்டும் கொண்டு ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதுவது முழுமையாகாது. பாஞ்சாலங்குறிச்சியில் பழைய எச்சத்தையும் புதிய நினைவுச்சின்னத்தையும் வேறுபடுத்தும் விளக்கப்பலகைகளும், எட்டயபுரம் அரண்மனையின் முழுமையான அளவீட்டு வரைபடங்களும் உடனடித் தேவைகளாகும். எஞ்சியுள்ள காரைச் சுவர்களும் சரிந்தபின் செய்யும் ஆய்வுக்குச் சொல்வழிச் செய்திகளே மிஞ்சும்.